சகோதரர் என்று அழைத்த பின்



மத்ரஸாவில் பாடம் நடத்துவோர் விண்வெளிக் கதை வாசிக்கலாமா என்று நம் வட்டத்தில் சிலர் வியப்புடன் வினவுகின்றனர். பெக்கி சேம்பர்ஸ் என்னும் அமெரிக்க எழுத்தாளரின் 'தி லாங் வே டு எ ஸ்மால், ஆங்ரி பிளானட்' என்ற நாவலை நாம் மகிழ்ந்தே வாசித்தோம். முன்பின் அறியாத வாசகர்கள் இணையம் வழியே அளித்த சிறு சிறு தொகைகளின் துணையால் எழுதி முடிக்கப்பட்டு, 2014இல் வெளிவந்த நூல் அது. அதனை முதலாகக் கொண்ட நாவல் வரிசைக்கு 2019இல் ஹ்யூகோ விருது கிடைத்தது.

பேரரசுகளின் போர் இக்கதையின் மையமன்று. தொலைதூர விண்மண்டலங்களை இணைக்கச் சுரங்கவழி துளைக்கும் பழைய கப்பல் ஒன்று, அதில் பல்வேறு இனத்தைச் சேர்ந்த பணியாளர்கள், நீண்ட பயணம். கதை அவ்வளவே. தந்தை செய்த ஆயுத வணிகக் குற்றத்தின் வெட்கம் தாளாமல் பெயரை மாற்றிக்கொண்டு அக்கப்பலில் எழுத்தராகச் சேர்கிறாள் ரோஸ்மேரி. உண்மை வெளிப்பட்ட பின்னும் அவர்கள் அவளை இறக்கிவிடவில்லை. கப்பலின் மருத்துவரே சமையற்காரர். தம் மகள்கள் அனைவரையும் போரில் இழந்த அவர், மற்றவர்களுக்குப் பார்த்துப் பார்த்துச் சமைத்துப் போடுகிறார். அவர் சமையற்கூடம் வரும் பக்கங்களை நாம் இருமுறை வாசித்தோம்.

சிஸிக்ஸ் என்னும் விமானியையும் கோர்பின் என்னும் சிடுமூஞ்சியையும் மறக்க இயலாது. இருவருக்கும் ஒத்தே போகாது. ஒரு சட்டச் சிக்கலில் கோர்பின் சிறைப்படுகிறார். அவரை மீட்க வேண்டுமாயின் ஒருவர் சட்டப்படி அவருடைய பாதுகாவலராகி, அக்காலம் முழுதும் அவர் செல்லுமிடமெல்லாம் உடன் செல்ல வேண்டும். அவரைச் சற்றும் பிடிக்காத சிஸிக்ஸே அப்பொறுப்பை ஏற்கிறாள்.

நம் வரம்புகளுக்கு உட்படாத உறவுகளும் கதையில் உண்டு. பிள்ளைகளிடம் தருவோர் வயதறிந்து தரட்டும்.

ஆயினும் சிலருடைய தடை வேறு. குடும்பம் என்பது நஸப், இரத்தம். தேர்ந்துகொள்ளும் குடும்பம் என்பது மேற்கத்தியச் சரக்கு என்கின்றனர். வம்சத்தை மாற்றிச் சொல்வதை மார்க்கம் தடுத்திருப்பது உண்மையே. ஸைத் (ரலி) அவர்கள் 'முஹம்மதின் மகன் ஸைத்' என்று அழைக்கப்பட்டு வந்தார்கள். அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் இறங்கிய பின் 'ஹாரிஸாவின் மகன் ஸைத்' ஆனார்கள். தந்தையார் யாரென அறியப்படாதோர் உங்கள் மார்க்கச் சகோதரர்கள் என்பதையும் அதே வசனம்தான் கூறுகிறது. முற்பகுதியை மனனம் செய்துகொண்டு பிற்பகுதியைக் கடந்துவிடுகிறோம்.

மதீனாவில் முஹாஜிர்களும் அன்சாரிகளும் சகோதரர்களாக இணைக்கப்பட்டபோது, தொடக்கத்தில் அவர்களிடையே வாரிசுரிமையும் இருந்தது. பின்னர் அது இரத்த உறவுகளுக்கே உரியதாயிற்று. ஆனால் நேசர்களுக்கு நன்மை செய்யும் வாயிலை 6ஆம் வசனம் திறந்தே வைத்திருக்கிறது. வாரிசு அல்லாதவருக்குச் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் செய்யலாம். இதை எத்தனை பேர் எழுதிவைக்கிறோம்?

அப்படி இணைக்கப்பட்டவர்களே ஸல்மானும் அபூதர்தாவும் (ரலி). அபூதர்தா உலகையே துறந்தவர் போலிருந்ததையும், அதனால் அவர் மனைவி அலங்காரமின்றி வாடியிருந்ததையும் கண்டார்கள் ஸல்மான். உணவைத் தாம் தொடாமல் அபூதர்தாவின் நஃபில் நோன்பை விடச்செய்து உடன் உண்ணவைத்தார்கள். இரவில் தொழ எழுந்தவரை உறங்கச் சொன்னார்கள். குடும்பத்துக்கும் உரிமையுண்டு என உணர்த்தினார்கள். ஸல்மான் சொன்னது உண்மையே என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். பாரசீகத்திலிருந்து வந்த ஒருவர் மதீனாவாசியின் வீட்டு நடப்பில் தலையிட்டார். எவரும் அவரை அந்நியர் என்று விலக்கவில்லை.

இன்று புதிதாய் இஸ்லாத்தைத் தழுவி வருவோருக்கு நாம் செய்வதென்ன? ஷஹாதா மொழிந்த அன்று தக்பீர் முழங்குகிறோம், ஆரத் தழுவுகிறோம், படமெடுத்துக்கொள்கிறோம். பிறந்த வீடு கதவடைத்துவிட்டால் அவர் பெருநாளன்று யார் வீட்டில் உண்பார்? நோன்புக் கஞ்சி பள்ளிவாசலில் கிடைத்துவிடும். ஸஹருக்கு எழுப்ப ஒருவர் வேண்டுமே!

பெண்ணாயின் நிலை இன்னும் கடினம். தந்தை முஸ்லிமாக இல்லாததால் அவர் வலியாக இயலாது. காஸியார் அப்பொறுப்பை ஏற்று நிக்காஹ் நடத்தி வைப்பார். சட்டம் நிறைவேறிவிடும். அந்தக் கையொப்பத்துக்குப் பின் அவளை யார் நலம் விசாரிக்கிறார்? கணவனோடு மனத்தாங்கல் வந்தால் அவளுக்காகப் பேச யார் வருவார்? இவற்றை ஜமாஅத் நிர்வாகிகள் நிக்காஹ்வுக்கு முன்பே பேசி முடிக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை. மஹல்லாவில் ஒரு குடும்பம் அவளுக்குத் தாய்வீடாக இருக்க ஒப்புக்கொள்ள வேண்டும். அக்குடும்பத்தின் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும். தலைப்பிரசவத்துக்கு அவள் எந்த வீட்டுக்குப் போவாள் என்று எழுத, இப்போதுள்ள படிவத்தில் இடமில்லை.