வைத்தியசாலை நிருவாகிகளும் கற்பிக்கும் கருவியும்

நோயாளியின் உயிர் வைத்தியர் கையில் உளது என்பர். அது பாதி உண்மையே. மருந்தை வேண்டிய வேளையிற் களஞ்சியத்திற் சேர்த்து வைப்பதும், இரவுக் கடமைக்குப் போதிய தாதியரை ஒழுங்கு செய்வதும், பழுதுற்ற கருவியைத் தாமதமின்றித் திருத்துவிப்பதும் நிருவாகியின் பொறுப்பாம். 2022ஆம் ஆண்டில் இந்நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, எஞ்சியதை யாருக்கு முதலிற் கொடுப்பது என்ற வினாவும் அவர் முன்னே நின்றது.

இத்தகைய பொறுப்பினர்க்குப் பயிற்சி எவ்வாறு கிடைக்கின்றது? கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் வைத்தியர்களுக்கு மருத்துவ நிருவாகத்தைக் கற்பிக்கின்றது. ஆயினும் பதவியேற்ற பின்னர்ப் பலர்க்கு வாய்ப்பது ஒருநாட் கருத்தரங்கே. நோயை அறிந்து கணக்கை அறியாதாரும், கணக்கை அறிந்து நோயாளர் விடுதியை அறியாதாரும் ஒரே மண்டபத்தில் ஒரே விரிவுரையைக் கேட்டு மீள்வர்.

நம் முன்னோரின் திண்ணைப் பள்ளியில் ஒருவன் அரிச்சுவடியில் நிற்க, அயலிலிருந்தவன் எண்சுவடியை முடித்திருப்பான். அவரவர் வேகத்துக்கேற்பவே பாடம் நடந்தது. இற்றைக் கணினி அம்முறையை மீட்டுத் தருகின்றது. வினாக்களாற் கற்பவரின் குறையை அறிந்து, அதற்கேற்ற பாடத்தைக் கொடுத்து, மறக்குந் தறுவாயில் மீண்டும் வினவுகின்றது. தனித்துக் கற்பிக்கப்பெற்ற சராசரி மாணவன், வகுப்பிற் கற்றோருள் நூற்றுக்கு 98 பேரை விஞ்சினான் என அமெரிக்கக் கல்வியறிஞர் பெஞ்சமின் புளூம் 1984இல் எழுதினார். பின்வந்த ஆய்வுகள் அத்துணைப் பெரும் பயனைக் காணவில்லை. ஆயினும், சிறந்த கணினிப் போதனை மனிதரின் தனிப்போதனையை ஏறக்குறைய ஒத்ததென்று 2011இல் குர்ட் வான்லென் பல ஆய்வுகளை ஒப்புநோக்கிக் காட்டினார்.

ஆகவே கருவியை வரவேற்போம். ஆயின் ஒரு நிபந்தனையுடன். கற்பவர் தம் அறியாமையை மறையாது காட்டினாலன்றிக் கருவியாற் பயனில்லை. நிருவாகியோ அறியாமையைக் காட்ட அஞ்சும் ஆசனத்தில் இருப்பவர். அவர் தவறிய வினாக்கள் மேலதிகாரியின் மேசைக்குச் சென்று பதவியுயர்வுக்கு அளவுகோலாகுமாயின், தெரிந்த பாடத்தையே திரும்பத் திரும்பக் கற்றுச் சான்றிதழ் சேர்ப்பார். தெரியாததற்குப் பிறரிடம் விடை கேட்டு எழுதுவார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? திண்ணைப் பள்ளியிலும் பிரம்புக்கு அஞ்சிய சிறுவன் பொருள் விளங்காமலே பாடம் ஒப்புவித்தான். முறையை மீட்போம், பிரம்பை மீட்க வேண்டா.

கற்பவரின் பிழைப்பதிவு அவருக்கே உரியதாகுக. கடமை நேரத்திலேயே கற்பதற்கு அவருக்கு அவகாசம் அளிக்கப்படுக. மேலிடம் கேட்க வேண்டியது வேறு: வெளிநோயாளர் காத்திருக்கும் நேரம் குறைந்ததா? களஞ்சியத்தில் மருந்து தீருமுன் மறு கொள்வனவு நடந்ததா? தாதியர்க்கும் சிற்றூழியர்க்கும் பிணக்கு நேர்ந்தவிடத்து அது நீதியாகத் தீர்க்கப்பட்டதா? இவற்றிற் கடைசியானதைக் கற்பிக்க எக்கருவியும் போதாது. விடுதி தோறும் நடந்தே அதனைக் கற்றல் வேண்டும்.

நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் வைத்தியத் துறையிலும் நிருவாகத்திலும் உயர்பதவி வகிக்கின்றனர். பிறர்க்குப் பயிற்சி விதிக்குமுன், "எனக்கும் இது தெரியாது" என்று தம் அலுவலகத்தில் முதலில் அவர்களே கூறுவார்களாக.