விதியை மாற்றலாம், கொடுத்த வாக்கை?

'யாரை வைத்துக்கொள்வது என்பது அரசின் உரிமை; விதி மாறினால் வந்தவர்தான் அனுசரித்துப் போக வேண்டும்' என்கிறார்கள். இனி வரப்போகிறவருக்குச் சரி. ஏற்கெனவே வந்து குடித்தனம் நடத்துகிறவருக்கு எப்படிப் பொருந்தும்? 2002இல் உயர்திறன் குடியேறிகள் திட்டத்தைத் தொடங்கிய பிரிட்டன், 'உங்கள் நாட்டையே என் முதன்மை வசிப்பிடமாக்கிக்கொள்வேன்' என்று விண்ணப்பதாரரிடம் எழுதி வாங்கியது. அதை நம்பிப் பலர் ஊரில் பார்த்த வேலையை விட்டுவிட்டுப் போனார்கள். 2006 நவம்பரில் விசா நீட்டிப்புக்கே வயது, சம்பளம், படிப்பு என்று புது மதிப்பெண் கணக்கு வந்தது. பணி அனுபவத்துக்கு மதிப்பெண்ணே இல்லை. அனுபவத்தைக் காட்டி உள்ளே வந்தவர் என்ன செய்வார், வயதைக் குறைத்துக்கொள்வாரா?

'நிரந்தர உத்தரவாதம் யாரும் தரவில்லையே' என்பது அடுத்த வாதம். திட்டத்தின் வழிகாட்டுக் குறிப்பே அந்த நம்பிக்கையைத் தந்திருந்தது. பழைய நிபந்தனையில் வந்தவர்மீது புதியதைச் சுமத்துவது செல்லாது என்று 2008 ஏப்ரலில் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே சமயம், புதியவர்களுக்கு விதியை மாற்றும் அதிகாரத்தில் அது கைவைக்கவில்லை. பிரிட்டன் அரசின் 2025 மே மாத வெள்ளை அறிக்கை நிரந்தர வசிப்புரிமைக்கான காத்திருப்பை ஐந்திலிருந்து பத்தாண்டாக்க முன்மொழிந்தபோது, நான்காம் ஆண்டில் இருப்பவரை எந்த வரிசையில் நிறுத்துவது என்ற அதே பழைய கேள்விதான் திரும்பி வந்தது.