சுவரில் அமைந்த இரு முகங்கள்

சித்திரம் பயில்வோர் மலரையும் மரத்தையும் எழுதிப் பழகிய பின்னர் மனித உருவத்துக்கு வருகின்றனர். அங்கேதான் கை தடுமாறுகிறது. ஒரு காலில் ஊன்றி நிற்பவரைக் கூர்ந்து நோக்கினால், ஊன்றிய காலின் பக்கத்து இடுப்பு உயர்ந்தும், அப்பக்கத்துத் தோள் தாழ்ந்தும் இருக்கக் காண்போம். இதனை நூலிற் படித்தறிவது ஒன்று. உயிருள்ள ஒருவரை எதிரே நிறுத்தி வரைந்தறிவது வேறொன்று. ஆதலாற்றான் மேனாட்டுக் கலைக்கழகங்கள் ஆடையற்ற ஆளை நிறுத்தி வரையும் வகுப்பினை ஓவியக் கல்வியின் உச்சியாகக் கருதின.

1768ஆம் ஆண்டில் இலண்டன் றோயல் அக்கடமி நிறுவப்பட்டபோது, அதன் மூல உறுப்பினருள் அஞ்சலிக்கா கௌவ்மன், மேரி மோசர் என்னும் இரு பெண்மணிகளும் இருந்தனர். சில ஆண்டுகளின் பின் யோகான் சொபனி என்பார், உறுப்பினர்கள் அவ்வகுப்பிற் கூடியிருக்கும் காட்சியை ஓவியமாகத் தீட்டினார். ஆடவர் நேரில் நிற்கின்றனர். அவ்விரு பெண்மணிகளோ சுவரில் மாட்டிய இரண்டு படங்களாக மாத்திரமே காணப்படுகின்றனர்! ஆடையற்ற ஆள் இருக்கும் அறையிற் பெண்கள் இருத்தல் தகாதென்பது அக்கால வழக்கு.

1860இல் லோறா ஹேர்போட் என்னும் பெண், பெயரின் முதலெழுத்தை மட்டும் இட்டுச் சித்திரம் அனுப்பி, அக்கடமியின் மாணவியாக இடம் பெற்றார். எனினும் உள்ளே சென்ற மாணவிகளுக்குப் பரிசுச் சாந்தில் வார்த்த சிலைகளே வாய்த்தன. பலமுறை விண்ணப்பித்த பின்னர், 1893இலேயே, ஓரளவு ஆடை போர்த்த ஆளை வரைய அவர்களுக்கு அனுமதி கிடைத்தது.

இஃது அற்ப விடயமன்று. வரலாற்றுக் காட்சிகளையும் புராணக் காட்சிகளையும் தீட்டுவோருக்கே அக்காலத்திற் பெருமதிப்பு. உடலமைப்பை நேரிற் கண்டு பயிலாதவர் அவற்றைத் தீட்டுவது எங்ஙனம்? பெண்களுள் பேரோவியர் தோன்றாமை ஏன் என்று 1971இல் வினவிய லிண்டா நொக்லின் என்னும் அமெரிக்கப் பேராசிரியை, குறை திறமையில் அன்று, கல்வி மறுக்கப்பட்டமையிலேயே என்று விளக்கினார்.

லோறா நைற் என்பாரும் மாணவப் பருவத்திற் சிலைகளைப் பார்த்தே வரைய வைக்கப்பட்டவர். 1913இல், ஆடையற்ற பெண்ணொருத்தியைத் தாம் வரைந்துகொண்டு நிற்பதாகவே தம் உருவைத் தீட்டினார். 1936இல் அவர் அக்கடமியின் முழு உறுப்பினரானார். அந்த மூல உறுப்பினர் இருவருக்குப் பின் அப்பேறு பெற்ற முதற் பெண்மணி அவரே.

"பிள்ளைக்குக் கை வராது" என்று கூறுமுன், பார்த்து வரைய அப்பிள்ளைக்கு என்ன கொடுத்தோம் என்று பெற்றோர் எண்ணுதல் நன்று. ஆடையுடன் இருக்கும் ஆளும் தொடக்கத்துக்குப் போதுமானவரே. மாணவர்களே, திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டியாரிடம் ஐந்து நிமிடம் அசையாதிருக்கக் கேளுங்கள். முகத்தைப் பின்னர் வரையலாம். உடலின் பாரம் எங்கே தங்குகிறது என்பதை முதலிற் பாருங்கள்.