எட்டாவது பாகத்தை ஏன்யா இப்படித் திட்டுறீங்க?

வீட்டுல பதினஞ்சு வயசைத் தாண்டின பையனோ பொண்ணோ இருந்தா ஃபைனல் ஃபேண்டஸிங்கற பேர் உங்க காதுல விழுந்திருக்கும். இல்ல, நீங்களே காலேஜ் ஹாஸ்டல்ல ராத்திரி முழுக்கக் கண்ணு முழிச்சு ஆடின கோஷ்டியா இருக்கலாம். தெரியாதவங்களுக்கு ஒரு வரி: 1987-ல ஜப்பான்ல ஸ்கொயர் கம்பெனி ஆரம்பிச்ச கேம் வரிசை. ஒவ்வொரு நம்பருக்கும் தனிக் கதை, தனி உலகம், தனி ஆட்கள். எட்டை ஆட ஏழைத் தெரிஞ்சிருக்க வேண்டிய அவசியம் இல்ல.

இந்த வரிசையில எது ஒசத்தின்னு பேச்செடுத்தா ஆறா, ஏழா, பத்தான்னு அடிச்சுக்குவாங்க. எட்டுன்னு சொல்லிப் பாருங்க, எல்லாரும் ஒத்துமையாயிடுவாங்க. "மொக்கை." முடிஞ்சது பேச்சு. இதுல பாதிப் பேர் முதல் டிஸ்க்கைத் தாண்டினதில்லைங்கறது நாலு கேள்வி கேட்டாலே தெரிஞ்சுடும்.

நான் இந்தக் கேமை மூணு தடவை முழுசா முடிச்சவன். அதனால வரிசையா வச்சிருக்கற குற்றச்சாட்டுகளுக்கு வரிசையாவே பதில் சொல்றேன்.

முதல்ல ஒரு சின்ன வரலாறு. 1997-ல ஏழாவது பாகம் வந்து உலகத்தையே ஒரு கலக்கு கலக்கிடுச்சு. ரெண்டே வருஷத்துல, 1999 பிப்ரவரியில ஜப்பான்லயும் செப்டம்பர்ல அமெரிக்காவுலயும் எட்டு வந்தது. நாலு டிஸ்க். இயக்கினவர் யோஷினோரி கிடாசே, கதை எழுதினவர் கசுஷிகே நோஜிமா, இசை நொபுவோ உயமாட்சு. ஏழுல இருந்த அதே மும்மூர்த்திகள். அவங்க நினைச்சிருந்தா ஏழையே பெயின்ட் அடிச்சு எட்டுன்னு வித்திருக்கலாம். ஜனங்களும் கியூவுல நின்னு வாங்கியிருப்பாங்க. அதைச் செய்யாம மொத்த ஆட்ட முறையையும் கலைச்சுப் போட்டு புதுசா எழுதினாங்க. 80 லட்சத்துக்கும் மேல வித்தது, அதுல குறையில்ல. பேர்தான் கெட்டது.

குற்றச்சாட்டு 1: "எதிரிகிட்ட உட்கார்ந்து மந்திரம் உறிஞ்சுறதே வேலையா?"

இந்தக் கேம்ல மந்திரம் போட எம்.பி. கிடையாது. மந்திரம் மளிகைச் சாமான் மாதிரி, ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆளு நூறு வரைக்கும் ஸ்டாக் வச்சுக்கலாம். அந்த ஸ்டாக்கை உங்க பலம், உயிர், வேகம்னு ஏதாவது ஒண்ணோட கோத்து விடலாம். இதுக்குப் பேர் ஜங்ஷன். ஸ்டாக் கூடக்கூட பலம் கூடும். எடுத்துச் செலவழிச்சா பலம் இறங்கும். ஃபிக்சட் டெபாசிட்டை உடைக்கிற மாதிரின்னு வச்சுக்கங்க. அவசரத்துக்கு உடைக்கலாம், ஆனா வட்டி போயிடும். ஒவ்வொரு தடவை மந்திரம் போடும்போதும் ஒரு விலை இருக்கு. எட்டுக்கு முன்னாடி வந்த பாகங்கள்ல இப்படி யோசிக்க வேண்டிய நிலைமை வந்ததே இல்ல.

இந்த ஸ்டாக்கைச் சேர்க்க எதிரிகிட்டயிருந்து உறிஞ்சிக்கிட்டே இருக்கணும்னு யார் சொன்னது? அது ஒரு வழி, அதுவும் இருக்கறதுலயே சோம்பேறி வழி. சைரன்கற தேவதைக்கு ஒரு திறமை கத்துக் குடுத்தா, ஒரே ஒரு கூடாரத்தை உருக்கி பத்து 'கியூராகா' மந்திரம் எடுக்கலாம். பத்துக் கூடாரம் வாங்கினா நூறு. அதை உயிரோட கோத்து விட்டா ஆரம்பத்துலயே உங்க ஆளு மலை மாதிரி நிப்பான். பள்ளிக்கூடத்துல ஒருத்தன்கிட்ட சீட்டாடி குவிஸ்டிஸ் படம் போட்ட சீட்டை ஜெயிச்சு உருக்கினா, கடைசிவரைக்கும் உதவற 'டிரிபிள்' மந்திரம் 180 வரும். உறிஞ்சி உறிஞ்சி அலுத்துப் போச்சுன்னு சொல்றவங்க, குழாயடியில வரிசையில நின்னுக்கிட்டு வீட்டுக்குள்ளயே கிணறு இருக்கறதைப் பார்க்காதவங்க.

குற்றச்சாட்டு 2: "நாம வளர்ந்தா எதிரியும் வளர்றான், அப்புறம் எதுக்கு லெவல்?"

இதைக் குறைன்னு சொல்றவங்களுக்கு நான் கேக்கறது ஒண்ணுதான். மத்த கேம்கள்ல நீங்க என்ன பண்றீங்க? பெரிய எதிரிகிட்ட தோத்தா, பழைய காட்டுக்குத் திரும்பிப் போய் மூணு மணி நேரம் சில்லறை எதிரிகளை அடிச்சு லெவல் ஏத்திக்கிட்டு வந்து ஜெயிக்கறீங்க. அதுல புத்திக்கு எங்க வேலை? எட்டாவது பாகம் அந்தக் குறுக்கு வழியை அடைச்சுடுச்சு. எதிரியோட லெவல் உங்க கோஷ்டியோட சராசரியை ஒட்டி ஏறும். நேரத்தைக் கொட்டி ஜெயிக்க முடியாது, ஏற்பாட்டாலதான் ஜெயிக்கணும்.

அதுக்கு வேண்டிய கருவியையும் கையிலயே குடுத்திருக்காங்க. எதிரியை அடிச்சுக் கொல்லாம சீட்டா மாத்திட்டீங்கன்னா அனுபவப் புள்ளி ஏறாது, தேவதைகள் கத்துக்கற புள்ளி மட்டும் ஏறும். லெவல் ஏறாமலே பலம் ஏத்தலாம். லெவல் பத்துப் பக்கத்துலயே வச்சுக்கிட்டு கேமை முடிச்ச ஆட்கள் இருக்காங்க. ஆட்டத்தோட விதியைப் படிச்சவனுக்கு ஜெயம், கண்ணை மூடிக்கிட்டு உழைச்சவனுக்கு உதை. இது அநியாயம்னு தோணுதா? எனக்கு ரொம்ப நியாயமாத்தான் படுது.

குற்றச்சாட்டு 3: "எதிரியை அடிச்சா காசு வராதாமே?"

வராது. காட்டுல திரியற ஓநாய் மடியில காசு முடிஞ்சு வச்சிருக்கும்கறதை இத்தனை வருஷமா கேள்வி கேக்காம ஏத்துக்கிட்டோமே, அதுதான் விநோதம். எட்டுல கதாநாயகன் ஸ்குவால் ஒரு கூலிப்படைப் பள்ளிக்கூடத்துல தேர்வாகி 'சீட்'ங்கற வேலையில சேர்றான். ரேங்க்குக்கு ஏத்த சம்பளம், குறிப்பிட்ட இடைவெளியில கணக்குல விழும். ரேங்க் ஏத்த பத்துக் கேள்விக்கு ஆமா-இல்லை பரீட்சை, பத்தும் சரியா இருக்கணும். வேலையில சுணங்கினா ரேங்க் இறங்கும். வருஷா வருஷம் அப்ரைசல்ல மேனேஜர் முன்னாடி உட்கார்ற நமக்கு இதை விளக்கவும் வேணுமா? ஒரு கேம்ல முதல் தடவையா எனக்குப் புரிஞ்ச பொருளாதாரம் இதுதான்.

குற்றச்சாட்டு 4: "ஸ்குவால் ஒரு உம்மணாமூஞ்சி"

உண்மை. பதினேழு வயசுப் பையன். சின்ன வயசுல அக்கான்னு ஒட்டிக்கிட்டிருந்தவளை எங்கேயோ கொண்டு போயிட்டாங்க. மழையில நின்னு காத்திருந்தான், அவ வரல. இனிமே யாரையும் நம்பி இருக்கக் கூடாதுன்னு அன்னைக்கு முடிவு பண்ணினவன். அவன் வாயால சொல்றது நாலு வார்த்தை, மனசுக்குள்ள ஓடறது நாப்பது. கேம் அந்த நாப்பதையும் திரையில எழுதிக் காட்டுது. எதிர்ல நிக்கறவங்களுக்குக் கேக்காது, நமக்கு மட்டும் தெரியும். வெளியில கல்லு மாதிரி நிக்கறவன் உள்ள எவ்வளவு பயந்து சாகறான்னு படிச்சுக்கிட்டே வந்துட்டு, அவனை உணர்ச்சியில்லாதவன்னு எப்படிச் சொல்ல மனசு வருது?

இதுல மொழிபெயர்ப்புக்கும் பங்கு இருக்கு. ஜப்பானிய மூலத்துல அவன் அடிக்கடி முணுமுணுக்கறது "தப்புதான், போதுமா" மாதிரி தொனிக்கற வார்த்தை. அதுல கோவமும் இருக்கு, அடிபட்ட வலியும் இருக்கு. ஆங்கிலத்துல அது அலட்சியமான 'வாட்டெவர்' ஆயிடுச்சு. பாவம், பையன் பேரு கெட்டதுல பாதி அந்த ஒரு வார்த்தையால.

குற்றச்சாட்டு 5: "அநாதை ஆசிரமத் திருப்பம் அபத்தம்"

சண்டையே இங்கதான். கதை தெரியக் கூடாதுன்னு நினைக்கறவங்க அடுத்த நாலு பத்தியைத் தாண்டிடுங்க. (1999-ல வந்த கேம், இதுக்கு மேல ரகசியம் காக்க என்னால முடியாது.)

ரெண்டாவது டிஸ்க்ல, குண்டு விழுந்து இடிஞ்ச ஒரு பள்ளிக்கூடத்தோட பாஸ்கெட்பால் மைதானத்துல உட்கார்ந்து பேசும்போது தெரிய வருது: கோஷ்டியில ரினோவாவைத் தவிர எல்லாருமே சின்ன வயசுல ஒரே ஆசிரமத்துல ஒண்ணா வளர்ந்தவங்க. அவங்களை வளர்த்த தாய் ஈடியாதான் இப்ப அவங்க கொல்லத் துரத்தற சூனியக்காரி. யாருக்கும் ஞாபகம் இல்ல. ஏன்னா பலத்துக்காக மனசுக்குள்ள குடி வச்ச தேவதைகள் பழைய ஞாபகங்களைத் தின்னுட்டு அந்த இடத்துல உட்கார்ந்திருச்சு.

"கதையை ஒட்ட வைக்கக் கண்டுபிடிச்ச சாக்கு"ன்னு சிரிக்கறாங்க. முதல் டிஸ்க்கோட முடிவைத் திரும்பப் போய்ப் பாருங்கய்யா. குறி தப்பாத துப்பாக்கிக்காரன்னு பேர் வாங்கின இர்வைன், ஈடியாவைச் சுட வேண்டிய நேரத்துல கை நடுங்கி உட்கார்ந்துடறான். முதல் தடவை ஆடும்போது பயந்தாங்கொள்ளின்னு திட்டுவோம். தேவதைகளைப் பயன்படுத்தாம வளர்ந்தவன் அவன் ஒருத்தன்தான். அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. கூட நிக்கற யாருக்கும் தன்னை அடையாளம் தெரியலைங்கறதை வாயை மூடி முழுங்கிக்கிட்டு, தன்னை வளர்த்தவளோட நெத்திக்குக் குறி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். விடை வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே விதை போட்டாச்சு. ரெண்டாவது தடவை ஆடும்போது அந்தக் காட்சியை என்னால சாதாரணமாப் பார்க்க முடியல.

இன்னொண்ணு. இது கதையில மட்டும் இருக்கற விஷயம் இல்ல. முதல் குற்றச்சாட்டுல திட்டினீங்களே ஜங்ஷன், அதைப் பண்ணினதே நாமதான். ஒவ்வொரு சண்டைக்கும் முன்னாடி "இவனுக்கு இந்தத் தேவதை"ன்னு சந்தோஷமா ஒட்ட வச்ச கை நம்ம கை. பலம் ஏறுதுன்னு பார்த்தோம், என்ன இறங்குதுன்னு பார்க்கல. ஆட்ட விதியும் கதையும் இப்படி ஒரே ஆணியில தொங்கற கேம் எத்தனை சொல்லுங்க பார்ப்போம். உண்மை தெரிஞ்சப்புறமும் அவங்க தேவதைகளை விடல. சண்டை பாக்கி இருக்கு, பலம் வேணும், ஞாபகம் போனாலும் பரவாயில்லன்னு கண்ணைத் திறந்துக்கிட்டே முடிவெடுக்கறாங்க. மைதானத்துல உட்கார்ந்திருக்கற பசங்க எடுக்கற முடிவு அது.

ஊரை விட்டு ஊர் வந்து பிழைக்கற நமக்கு இந்தக் கணக்கு புரியாம போகுமா? நான் இருக்கறது புனேயில. என் பையன் பள்ளிக்கூடத்துல மராத்தி, தெருவுல இந்தி, வகுப்புல ஆங்கிலம்னு மூணையும் தண்ணி பட்ட பாடா வச்சிருக்கான். பிழைக்க அது வேணும், நான்தான் சேர்த்து விட்டேன், அதுல எனக்கு வருத்தமும் இல்ல. ஆனா போன்ல அப்பத்தா "சோறு உண்டியாய்யா"ன்னு கேட்டா, 'உண்டியா'ன்னா என்னன்னு என் மூஞ்சியைப் பார்க்கறான். ஒண்ணு உள்ள வந்தா ஒண்ணு வெளிய போகுது. என்ன போச்சுங்கறது போனவனுக்குத் தெரியாது, கூட இருந்து ஞாபகம் வச்சிருக்கறவனுக்குத்தான் தெரியும். அந்த இர்வைன் வேலையை நம்ம வீடுகள்ல பெரும்பாலும் ஊர்ல இருக்கற பெரியவங்கதான் பார்க்கறாங்க. 'அபத்தம்'னு ஒரே வார்த்தையில இதைத் தள்ளிட்டுப் போறவங்களைப் பார்த்தா எனக்குக் கோவம் வர்றது அதனாலதான்.

குறையே இல்லன்னு சாதிக்க வரல. தேவதைகள் வந்து நடனமாடற காட்சிகள் பழைய பிரதியில தாண்டவே முடியாது, டீ போட்டுக் குடிச்சுட்டு வந்துடலாம். மூணாவது டிஸ்க்ல கதை மூச்சிரைக்க ஓடுது. காலத்தைச் சுருக்கற விவகாரத்தை இன்னும் நிதானமா விளக்கியிருக்கணும். லகூனாதான் ஸ்குவாலோட அப்பாங்கறதை நேராச் சொல்லாம ஜாடையிலயே விட்டதுல சிலருக்குக் கடுப்பு, எனக்கு அது பிடிச்சிருந்தது. இதையெல்லாம் சொல்லித் திட்டுங்க, கூடவே நானும் வர்றேன்.

ஆனா நிஜமான காரணம் இதெல்லாம் இல்ல. ஏழை எதிர்பார்த்துக் கடைக்குப் போனாங்க, எட்டு கிடைச்சது. அவ்வளவுதான். அரைச்ச மாவையே அரைக்கறான்னு திட்டறதும் இதே ஜனங்கதான், புது மாவு அரைச்சா வாய்ல வைக்காம துப்பறதும் இதே ஜனங்கதான். 2000-ல வந்த ஒன்பதாவது பாகம் பழைய பாணிக்கே திரும்பினதும் எல்லாருக்கும் நிம்மதி. ஏழுக்கு 2020-லயும் 2024-லயும் புதுசாவே ஆக்கின பிரம்மாண்டப் பதிப்புகள் வந்தது. எட்டுக்கு 2019-ல துடைச்சுப் பளபளப்பாக்கின ஒரு பதிப்பு, அதோட சரி. திட்டு வாங்கின பிள்ளைக்கு தீபாவளிக்குப் பழைய சட்டையை இஸ்திரி போட்டுக் குடுத்த மாதிரி.

அந்த 2019 பதிப்பு போதும். மூணு மடங்கு வேகத்துல ஓட்டற வசதி இருக்கு, தேவதை நடனத்துக்கு டீ போட வேண்டியதில்ல. உறிஞ்சறதை விட்டுட்டு உருக்கக் கத்துக்கங்க. லெவலைத் துரத்தாதீங்க. முதல் டிஸ்க்கோட முடிவுல இர்வைன் கையை உத்துப் பாருங்க. மைதானக் காட்சி வரைக்கும் வந்துட்டு அப்புறமும் மொக்கைன்னு சொன்னா, அதை மதிச்சு உட்கார்ந்து சண்டை போடத் தயார். முதல் டிஸ்க்லயே ஓடிப் போனவங்ககூட எனக்குப் பேச்சு இல்ல.

பி.கு.: உள்ள இருக்கற சீட்டாட்டம் ரொம்ப ஆபத்தானது. மூணுக்கு மூணு கட்டம், ஆளுக்கு அஞ்சு சீட்டு, மொத்தம் 110 சீட்டு சேர்க்கணும். உலகத்தைக் காப்பாத்தற வேலையை ஒரு ஓரமா வச்சுட்டு வாரக் கணக்குல இதுலயே உட்கார்ந்துடுவீங்க. வீட்டம்மா கையில கரண்டியோட வந்து நின்னா அதுக்கு நான் பொறுப்பில்ல.