விமானத்தைத் தரையில் நிறுத்தும் வளையம்

ஆகாய விமானம் ஆகாயத்தில் இருந்தால்தான் அதற்கு மதிப்பு. தரையில் நின்றுவிட்டால் அது வெறும் தகரக் கொட்டகைதான்!

2023, 2024-ம் ஆண்டுகளில் நம் நாட்டு விமான நிலையங்களில் இப்படிப் பல கொட்டகைகள் நின்றன. பழைய விமானங்கள் அல்ல. வாங்கிச் சில வருஷங்களே ஆன விமானங்கள். இறக்கை இருந்தது, வால் இருந்தது, பறப்பதற்கு வேண்டிய இஞ்சின்தான் இல்லை. இண்டிகோ கம்பெனியில் மட்டும் ஒரு கட்டத்தில் 70-க்கும் மேற்பட்ட விமானங்கள் இஞ்சினுக்காகக் காத்து நின்றன.

இஞ்சினில் கோளாறு என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் கோளாறே வராத யந்திரம் உலகத்தில் ஏது? கோளாறு வந்தால் அதை நீக்க எத்தனை நாள் ஆகும் என்பதல்லவா கேள்வி? அந்தக் கேள்விக்கு விடை காண, இஞ்சினுக்குள்ளே இருக்கும் ஒரு சின்ன வளையத்தின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடி பம்பின் வாஷர்

தெருவில் உள்ள அடி பம்பை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஒரு நாள் எவ்வளவு அடித்தாலும் தண்ணீர் ஏறாது. உள்ளே வாஷர் தேய்ந்திருக்கும். வாஷரின் விலை அற்பம். ஆனால் அதை மாற்றக் குழாய் முழுவதையும் மேலே இழுக்க வேண்டும். ஆள் வேண்டும், கருவி வேண்டும், வண்டி வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமை கூலி முக்கால் பணம்!

ஜெட் இஞ்சினுக்குள்ளும் இப்படி ஒரு வாஷர் உண்டு. அதற்குக் காற்றடைப்பு என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

ஜெட் இஞ்சின் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. அதை அமுக்குகிறது. அதில் எண்ணெயைத் தெளித்து எரிக்கிறது. எரிந்த வாயு சீறிக்கொண்டு வந்து, டர்பைன் என்ற சக்கரத்தைச் சுழற்றுகிறது. சக்கரத்தின் விளிம்பு முழுவதும் பிளேடுகள். அவற்றைச் சுற்றி, அசையாத ஒரு வளையம். பிளேடின் நுனிக்கும் வளையத்துக்கும் நடுவே மிக மெல்லிய ஒரு சந்து. அந்தச் சந்தின் வழியே வாயு நழுவிப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் வளையத்தின் வேலை.

வாய்க்காலில் நண்டு வளை இருந்தால், இறைத்த தண்ணீர் வயலுக்குப் போய்ச் சேராது. இங்கும் அப்படியே. சந்தில் நழுவிய வாயு சக்கரத்தைச் சுழற்றாமலே வெளியேறுகிறது. அதை உண்டாக்க எரித்த எண்ணெய் வீண். சந்து கால் மில்லிமீட்டர் அகன்றால், எண்ணெய்ச் செலவு சுமார் 1 சதவீதம் கூடும். வெளியேறும் வாயுவின் உஷ்ணம் சுமார் 10 டிகிரி ஏறும் என்று அமெரிக்காவின் நாசா நிபுணர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். கால் மில்லிமீட்டர் என்பது இரண்டு மூன்று தாள்களின் கனம்!

சந்தே இல்லாமல் செய்துவிடலாமே என்று கேட்கலாம். முடியாது. அங்கே பாயும் வாயுவின் உஷ்ணம் 1,500 டிகிரிக்கும் மேல். சக்கரம் நிமிஷத்துக்குப் பதினாயிரம் தடவைக்கு மேல் சுழல்கிறது. அந்தச் சூட்டிலும் வேகத்திலும் பிளேடு நீளும், வளையம் விரியும். இரண்டும் ஒரே அளவில், ஒரே நேரத்தில் மாறுவதில்லை. ஆகவே சில சமயம் நுனி வளையத்தில் உரசத்தான் செய்யும். பிளேடு பிழைக்க வேண்டும் என்பதற்காக, உரசினால் வளையம் தேயும்படி அதன் உட்புறத்தில் பூச்சுக் கொடுத்திருக்கிறார்கள்.

மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுகிறவர் என்ன செய்கிறார்? பட்டையைக் காய்ச்சி விரியச் செய்து மாட்டுகிறார். தண்ணீர் ஊற்றிச் சுருங்கச் செய்கிறார். விமானம் சீராகப் பறக்கும்போது டர்பைனின் வெளிக்கூட்டின் மேல் குளிர்ந்த காற்றை ஊதி, வளையத்தைச் சுருக்கிச் சந்தைக் குறைக்கிறார்கள். இந்த ஏற்பாடு சுமார் 40 வருஷங்களுக்கு முன்பே வந்துவிட்டது. தத்துவம் நம் கொல்லருடையதுதான்!

என்றாலும் தேய்மானம் நிற்பதில்லை. சந்து அகல அகல, அதே வேகத்துக்கு அதிக எண்ணெய் எரிகிறது, உஷ்ணம் ஏறுகிறது. உஷ்ணம் எல்லையைத் தொட்டதும் இஞ்சினை இறக்க வேண்டியதுதான்.

இறுக்கமா, எளிமையா?

இந்த வளையத்தை எப்படி மாட்டியிருக்கிறார்கள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

முழு வளையமாகச் செய்தால் சூட்டில் கோணிவிடும். ஆகவே வில் போன்ற பல துண்டுகளாகச் செய்து வட்டமாக அடுக்குகிறார்கள். ஒவ்வொரு துண்டின் முன்னும் பின்னும் கொக்கி உண்டு. அந்தக் கொக்கி வெளிக்கூட்டின் பள்ளத்தில் நுழைந்து நிற்கும். துண்டு சுழன்றுவிடாதபடி ஒரு முளை. பின்னுக்கு நழுவாதபடி ஒரு பிடி வளையம். துண்டுக்கும் துண்டுக்கும் இடையில் காற்று கசியாதபடி மெல்லிய தகடு.

தளர்வாக மாட்டினால் துண்டு ஆடும், காற்று கசியும். ஒரு துண்டு கழன்று பிளேடில் விழுந்தால் இஞ்சினே நாசம். சரி, இறுக்கி மாட்டலாம் என்றால், ஆயிரக்கணக்கான மணி நேரம் சூட்டில் வெந்த உலோகம் ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொள்கிறது. போல்ட் திருகினால் வருவதில்லை, உடைகிறது. காவலும் வேண்டும், கதவும் சுலபமாகத் திறக்க வேண்டும் என்றால் எப்படி?

அதனால்தான் சூடான பகுதியில் போல்ட்டுகளைக் குறைத்து, கொக்கியாலும் பிடி வளையத்தாலுமே துண்டுகளை நிறுத்த நிபுணர்கள் முயல்கிறார்கள். தலைகீழாக மாட்ட முடியாதபடி, கொக்கிகளை முன்னொரு விதமாகவும் பின்னொரு விதமாகவும் செய்கிறார்கள். பக்கத்துப் பாகங்களைக் கலைக்காமல் ஒரு துண்டை மட்டும் உருவி எடுக்க வழி தேடுகிறார்கள். ஏனெனில் வழக்கமான முறையில் ஒரு துண்டை மாற்ற வேண்டுமானால், இஞ்சினை இறக்கையிலிருந்து இறக்கி, பின்பகுதி டர்பைன்களைக் கழற்றி, சக்கரத்தை வெளியே எடுத்து, பிறகு எல்லாவற்றையும் அளந்து, சமநிலை பார்த்து, திரும்பப் பூட்டி, ஓட்டிச் சோதிக்க வேண்டும்.

2016-ல் புழக்கத்துக்கு வந்த லீப் இஞ்சினில் இன்னொரு புதுமை செய்தார்கள். உலோகத்துக்குப் பதில், நாரிழை சேர்த்த பீங்கான் கலவையால் வளையத் துண்டுகளைச் செய்தார்கள். எடை மூன்றில் ஒரு பங்கு. சூடும் அதிகம் தாங்கும். ஆனால் பீங்கான் உலோகத்தைப் போல விரிவதில்லை. இறுக்கினால் வளைந்து கொடுப்பதும் இல்லை. ஆகவே மாட்டும் முறையையே புதிதாக யோசிக்க வேண்டியிருந்தது. சில துண்டுகளில் மேற்பூச்சு எதிர்பார்த்ததற்கு முன்பே உரிந்தது. அவற்றை மாற்ற வேண்டி வந்தது.

இந்தியாவுக்குக் கிடைத்த பாடம்

காற்றடைப்பு டர்பைனில் மட்டும் இல்லை. இஞ்சினில் பல இடங்களில் உண்டு. அவற்றில் இரண்டு நம் நாட்டை நன்றாக ஆட்டி வைத்தன.

ஏர்பஸ் ஏ-320 நியோ விமானத்துக்குப் பிராட் அண்டு விட்னி கம்பெனி செய்த புது இஞ்சின், எண்ணெயைச் சுமார் 15 சதவீதம் மிச்சப்படுத்தும் என்றார்கள். இண்டிகோவும் கோ ஏரும் ஆவலுடன் வாங்கின. 2017-ல் தொல்லை தொடங்கியது. ஒரு பேரிங்கைக் காக்கும் கார்பன் காற்றடைப்பு சீக்கிரம் தேய்ந்தது. மாற்று இஞ்சின் போதாமல் விமானங்கள் நின்றன.

அடுத்து, காற்றை அமுக்கும் பகுதியின் பின்புறத்தில், கத்தி விளிம்பு போன்ற வளையங்களால் ஆன காற்றடைப்பு. 2017-ல் அதன் அமைப்பை மாற்றினார்கள். மாற்றிய இஞ்சின்களில் சில பறக்கும்போதே நின்றன. 2018 பிப்ரவரியில் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு அவசர உத்தரவு போட்டது. மார்ச் 12-ந் தேதி, ஆமதாபாத்திலிருந்து லக்னோ புறப்பட்ட இண்டிகோ விமானம் ஒன்று இஞ்சின் கோளாறால் பாதியில் திரும்பியது. அன்றே இந்திய விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் அலுவலகம் 11 விமானங்களை நிறுத்தியது. பரிகாரம் என்ன தெரியுமா? காற்றடைப்பின் பழைய அமைப்புக்கே திரும்பியதுதான்!

2023-ல் வந்த தொல்லை காற்றடைப்பினால் அல்ல. சக்கரங்களைச் செய்த உலோகப் பொடியில் கலந்திருந்த மாசினால் வந்தது. ஆனால் பாடம் ஒன்றே. 2026 முடிய 600 முதல் 700 இஞ்சின்களைக் கூடுதலாக இறக்க வேண்டியிருக்கும் என்று அந்த ஆண்டு செப்டம்பரில் அறிவித்தார்கள். ஒரு இஞ்சினை இறக்கித் திரும்ப மாட்ட 250 முதல் 300 நாள் ஆகும் என்றும் சொன்னார்கள். குறையைக் கண்டுபிடிக்கும் சோதனை மட்டும் அத்தனை நாள் பிடிக்காது. பட்டறையில் வரிசையில் நிற்பதும், பிரிப்பதும், உதிரிக்குக் காத்திருப்பதும், பூட்டுவதுமே அந்த நாட்களைத் தின்றன.

கோ ஃபர்ஸ்ட் என்று பெயர் மாறியிருந்த கோ ஏர், 2023 மே மாதம் திவால் மனு கொடுத்துப் பறப்பதை நிறுத்தியது. தன் விமானங்களில் சரிபாதி இஞ்சின் இல்லாமல் நிற்கின்றன என்று முறையிட்டது. அந்தக் கம்பெனி நெடுநாளாகவே பணம் ஒழுங்காகக் கட்டுவதில்லை என்று இஞ்சின் கம்பெனி பதில் சொன்னது. யார் சொல்வது நியாயமானாலும், 2025 ஜனவரியில் கோ ஃபர்ஸ்ட் கம்பெனியைக் கலைக்க உத்தரவாகிவிட்டது. ஆயிரக்கணக்கான ஊழியர்கள் வேலை இழந்தார்கள்.

என்ன செய்ய வேண்டும்?

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. விமானப் பழுதுபார்ப்புக்கான வரியை 2020-ல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தது. இறக்குமதியாகும் விமான உதிரிகள் எல்லாவற்றுக்கும் 2024 ஜூலையில் ஒரே சீராக 5 சதவீதம் விதித்தது. 2025 நவம்பரில் ஹைதராபாத்தில் பிரான்ஸின் சாஃப்ரான் கம்பெனி லீப் இஞ்சின் பட்டறையைத் திறந்தது. முழு அளவில் நடக்கும்போது வருஷத்துக்கு 300 இஞ்சின் வரை பார்க்க முடியுமாம். நல்ல காரியம்தான்.

ஆனால் பட்டறை பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது. இஞ்சினைப் பிரிப்பதே பிரும்மப் பிரயத்தனமாக இருந்தால், ஹைதராபாத்தில் பிரித்தாலும் நாள் ஆகத்தான் செய்யும். இஞ்சின் வாங்கும்போது, "எண்ணெய் எவ்வளவு மிச்சம்?" என்று கேட்கிறார்கள். "இந்த வளையத்தை மாற்ற எத்தனை நாள்?" என்றும் கேட்க வேண்டும். பதிலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். வருஷத்தில் முக்கால் பங்கு நாள் தரையில் நிற்கிற விமானம் மிச்சப்படுத்தும் எண்ணெயால் யாருக்கு லாபம்?

இது நடக்கக் கூடியதா என்று சந்தேகப்பட வேண்டாம். 1980-களில் கோயம்புத்தூர் வட்டாரத்தில் அடி பம்புகளை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. குழாயை இழுக்காமலே உள்ளிருக்கும் பிஸ்டனை மேலே எடுத்து வாஷரை மாற்றும்படி, இந்தியா மார்க்-3 என்ற பம்பு அதன் பயனாக உருவாயிற்று. அதற்காகக் குழாயைச் சற்று அகலமாக்க வேண்டியிருந்தது. செலவும் கூடத்தான் செய்தது. ஆனால் வாஷர் தேய்ந்தால் வண்டியும் ஆட்களும் வரும்வரை ஊர் தாகத்தோடு காத்திருக்க வேண்டிய அவசியம் குறைந்தது.

வாஷர் தேயாத பம்பை யாரும் கண்டுபிடிக்கவில்லை. தேய்ந்ததைச் சுலபமாக மாற்றும் வழியைத்தான் கண்டுபிடித்தார்கள். ஜெட் இஞ்சின் செய்கிறவர்களிடமும் நாம் கேட்க வேண்டியது அவ்வளவுதான்.