அஞ்சி அடங்குவது இசைவாகுமா?

வீரபாண்டியின் பின்னலாடைக் கூடங்களில் பிசிறு வெட்டியும் மடித்தடுக்கியும் கிழமை முழுதும் உழைக்கின்றாள் ஒரு பெண். காரிக்கிழமை பெறும் கூலியைக் கணவன் பறித்துக் கொள்கின்றான். கைப்பேசியைப் பிடுங்கி வைக்கின்றான். தாய்வீட்டு வாயிலை மிதிக்காதே என்கின்றான். அவள் உடலில் தழும்பொன்றும் இல்லை. தழும்பு இல்லையெனில் குற்றமும் இல்லையோ?

இங்கிலாந்து 2015இல் இத்தகைய தொடர் அடக்குமுறையையே தனிக் குற்றமாக்கி, ஐந்தாண்டு வரை சிறை என வகுத்தது. இந்தியாவின் 2005ஆம் ஆண்டு வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் பொருட்பறிப்பையும் மனத்துன்பத்தையும் கொடுமையென ஒப்புகின்றது. ஆயினும் காப்பாணை தருவதோடு அது நின்றுவிடுகின்றது. அவ்வாணையை மீறிய பின்னரே ஒறுப்பு!

இசைவு பற்றிய வரலாறும் இத்தகையதே. மராட்டியத்தில் 1972இல் காவல்நிலையத்துக்குள்ளேயே பழங்குடிச் சிறுமி ஒருத்தி சீரழிக்கப்பட்டாள். அவள் உடலில் புண் இல்லையென்று காட்டி, 1978இல் மீயுயர் முறைமன்றம் காவலரை விடுவித்தது. நாடே கொதித்தெழுந்த பின் 1983இல் சட்டம் திருந்தியது. எதிர்த்துப் போராடாமை இசைவாகாது என்பது 2013இல் எழுத்தில் ஏறியது. எனினும், பதினெட்டு அகவை நிறைந்த மனைவியை அவள் இசைவின்றிக் கணவன் புணரின் அது வன்புணர்ச்சியன்று என்னும் இழிந்த விலக்கு, 2024 சூலை முதல் நடப்பிலுள்ள புதுச் சட்டத்திலும் அப்படியே குந்தியிருக்கின்றது!

பிணை வழங்குவதில் நேர்ந்த கேடோ இன்னும் பெரிது. 2015இல் சென்னை உயர்முறைமன்றம், வன்புணர்ச்சிக்காக ஒறுக்கப்பட்டவனுக்கு, அந்தப் பெண்ணோடு இணக்கம் பேசி வருமாறு பிணை வழங்கியது; எதிர்ப்பு எழுந்தபின் அவ்வாணையைத் திரும்பப் பெற்றது. 2020இல் மத்தியப்பிரதேச உயர்முறைமன்றமோ, குற்றஞ்சாட்டப்பட்டவன் அந்தப் பெண்ணின் வீடேகிக் கையில் இராக்கிக் கயிறு கட்டிக்கொள்ள வேண்டுமென்றது! 2021 மார்ச்சில் மீயுயர் முறைமன்றம் அதனைத் தள்ளுபடி செய்து, பிணையில் வருவோனுக்கும் பெண்ணுக்கும் தொடர்பு ஏற்படுத்தும் கட்டளை கூடாதென்றும், பிணை ஆணையின் படியை இரண்டு நாளுக்குள் அவளிடம் தரவேண்டும் என்றும் நெறி வகுத்தது.

தரலாம், எந்த மொழியில்? உயர்முறைமன்றத்தில் தமிழ் வேண்டுமெனச் சட்டமன்றம் 2006இல் தீர்மானித்தது இன்றும் நிறைவேறவில்லை. புதுச் சட்டத்தின் பெயரோ ‘பாரதிய நியாய சன்கிதா’! தன்னைக் காக்கும் சட்டத்தின் பெயரைக்கூட வீரபாண்டிப் பெண்ணால் பலுக்க இயலவில்லையே!

குற்றச் சட்டத்தைத் திருத்தும் உரிமை, குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு உட்பட்டு, மாநிலத்திற்கும் உண்டு. பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்கு ஒறுப்பைக் கூட்டிச் சட்டமன்றம் 2025 சனவரியில் சட்டவரைவை நிறைவேற்றியது. ஒறுப்பைக் கூட்டினால் மட்டும் போதாது. தொடர் அடக்குமுறை குற்றமாதல் வேண்டும்; மணவிலக்கு ஒழிதல் வேண்டும் என மயங்கற்க, மணத்தின் பெயரால் கணவனுக்குத் தரும் அந்த விலக்கே ஒழிதல் வேண்டும்; பிணை ஆணை தமிழில் அவள் கைக்கு வருதல் வேண்டும்.

மேடையில் தமிழ்மானம் முழங்கி, வீட்டில் மனைவியின் கூலியைப் பறிக்கும் ஆடவனே, உன்னையும் சேர்த்தே கேட்கின்றோம்: அடிமையின் வாய்மூடலை இசைவென்று கொள்ளும் ஓர் இனம், தன் விடுதலையை எந்த வாயால் கேட்கும்?