யோகாசனம் பாவமா?



கடந்த ஆண்டு தவக்காலத்தில் ஒரு வெள்ளி மாலை, சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்த பின், எழுபது வயது மதிக்கத்தக்க தாய் ஒருவர் பங்கு இல்லத்தின் வாசலில் வந்து நின்றார். தூணைப் பற்றிக்கொண்டு, "சாமி, யோகாசனம் செய்தால் பாவமா?" என்று கேட்டார்.

இடுப்பு மூட்டுத் தேய்ந்துவிட்டது, எலும்பும் மெலிந்திருக்கிறது என்று மருத்துவர் அவரிடம் கூறியிருந்தார். வலி தாளாமல், தொலைக்காட்சியில் காலைதோறும் காட்டும் ஆசனங்களைப் பார்த்து வீட்டில் செய்யத் தொடங்கியிருக்கிறார். அண்டை வீட்டார் ஒருவர், "அது நம் வேதத்துக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டாராம்.

"பாவம் ஒன்றுமில்லை அம்மா, தாராளமாகச் செய்யுங்கள்" என்று ஆசீர் அளித்து அனுப்பினேன். நல்ல விடை கூறிவிட்டோம் என்ற நிறைவும் எனக்கு இருந்தது.

உயிர்ப்புப் பெருவிழா முடிந்து இரண்டாம் வாரம், நற்கருணை கொண்டுவருமாறு அதே தாயின் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. அவர் படுக்கையில் கிடந்தார். நின்றபடி முன்னே குனிந்து கால்விரலைத் தொட முயன்றபோது நடுமுதுகில் சுரீரென்று வலித்ததாம். முதுகெலும்பின் கட்டை ஒன்று நசுங்கியிருப்பதை எக்ஸ்ரே படம் காட்டியது. பாவமா என்ற கேள்விக்கு விடை தந்த நான், "எந்த ஆசனம் செய்கிறீர்கள், அம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் குறையை ஓரளவேனும் ஈடு செய்யவே, மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

இடுப்பு மூட்டுத் தேய்வும் எலும்புப்புரையும் வெவ்வேறு நோய்கள். தொடை எலும்பின் பந்து போன்ற தலை, இடுப்புக் குழியில் வழுக்கிச் சுழல உதவும் குருத்தெலும்பு தேய்வது முதலாவது. இதன் வலி பெரும்பாலும் கவட்டியிலும் முன்தொடையிலும் தெரியும். சிலருக்கு முழங்காலில் மட்டுமே தெரிவதும் உண்டு. சம்மணமிடவும் குந்தி உட்காரவும் இயலாமற்போகும். இரண்டாவதான எலும்புப்புரையில் எலும்பின் அடர்த்தி குறைகிறது. முறிவு நேரும்வரை இது வலிப்பதில்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்நோய் மிகுதி. டெக்ஸா என்னும் சோதனையில் டி-ஸ்கோர் −2.5 அல்லது அதற்கும் கீழே இருப்பின் எலும்புப்புரை என்று உலக சுகாதார நிறுவனம் 1994இல் வரையறுத்தது.

முதுகெலும்புக் கட்டைகளின் முன்பகுதி மெலிந்திருக்கும்போது முன்னே வளைந்தால், பாரம் முழுவதும் அப்பகுதியின்மீதே விழுகிறது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை ஆய்வாளர்கள் 1984இல், எலும்புப்புரை உற்ற 59 பெண்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டனர். முதுகைப் பின்னோக்கி நிமிர்த்தும் பயிற்சி மட்டும் செய்தவர்களுள் நூற்றுக்கு 16 பேருக்கே புதிதாக எலும்பு நசுங்கியது. முன்னோக்கி வளையும் பயிற்சி செய்தவர்களுள் நூற்றுக்கு 89 பேருக்கு நசுங்கியது. ஒரு பயிற்சியும் செய்யாதவர்களுக்கு இது நூற்றுக்கு 67. சிறிய ஆய்வுதான், எனினும் வளைகின்ற திசை எவ்வளவு முக்கியம் என்பதை அது உணர்த்துகிறது.

ஆகவே எலும்புப்புரை உள்ளவர்கள் பாதஹஸ்தாசனம், பச்சிமோத்தாசனம், ஹலாசனம், சர்வாங்காசனம், சிரசாசனம் ஆகியவற்றையும், உடலை வலிந்து முறுக்கும் ஆசனங்களையும் விட்டுவிட வேண்டும். சூரிய நமஸ்காரத்திலும் ஆழ்ந்து குனியும் நிலை உண்டு என்பதை மறக்கலாகாது. இடுப்பு மூட்டுத் தேய்ந்தவர்கள் பத்மாசனத்தை வலிந்து முயலக் கூடாது.

அவர்கள் செய்யத்தக்கவையும் உள்ளன. சுவரில் முதுகைச் சாய்த்து நிமிர்ந்து நிற்கும் தாடாசனம். சன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு, ஒரு குதிகாலை மட்டும் உயர்த்தி மறுகாலில் பாரத்தைத் தாங்கும் எளிய விருட்சாசனம். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி இடுப்பைச் சிறிதே உயர்த்தும் சேதுபந்தம். குப்புறப் படுத்து மார்பை மெல்ல எழுப்பும் புஜங்காசனம். இறுதியில் முழங்காலின் கீழ்த் தலையணை வைத்து அமைதியாக மூச்சு விடும் சவாசனம். இவை முதுகுக்கும் இடுப்புக்கும் வலுவூட்டும். தடுமாறி விழாமல் காக்கும். முதுமையில் இடுப்பெலும்பு முறிவதற்குப் பெருங்காரணம் விழுதலே அன்றோ! செய்த பின் வலி மறுநாளும் நீடித்தால் அளவைக் குறைக்க வேண்டும். எலும்பு ஏற்கெனவே நசுங்கியவர்கள், மருத்துவர் இசைவு தரும்வரை இவற்றுள் எதையும் தொடங்கலாகாது. மற்றவர்களும் முதல் சில வாரங்கள் இயன்முறை மருத்துவர் அல்லது தேர்ந்த ஆசிரியரின் கண்பார்வையில் செய்வதே நலம்.

தேய்ந்த குருத்தெலும்பை யோகாசனம் மீண்டும் வளர்ப்பதில்லை. மருத்துவர் தரும் மாத்திரைக்கு அது மாற்றும் ஆகாது. கைத்தடி பிடிப்போர், வலிக்கும் இடுப்புக்கு எதிர்ப்பக்கத்துக் கையில் பிடித்தால் மூட்டின் பாரம் குறையும். தரையில் கிடப்பதை எடுக்க முதுகை வளைக்காமல், அருகிலிருப்பவரை அழையுங்கள். கேழ்வரகுக் கூழும் இளவெயிலும் நம் பாட்டிமார் அறிந்த மருந்துகளே. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு.

இனி, அத்தாயின் கேள்விக்கு வருவோம். விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1989இல் கிறிஸ்தவத் தியானம் பற்றி ஒரு மடல் வெளியிட்டது. அதில் கையொப்பமிட்ட கர்தினால் இராட்சிங்கரே பின்னாளில் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் ஆனார். பிற சமயங்களின் முறைகளைக் கிறிஸ்தவமல்ல என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளிவிட வேண்டியதில்லை என்று அம்மடல் கூறுகிறது. அதே வேளையில், உடற்பயிற்சியால் விளையும் இனிய உணர்வைத் தூய ஆவியாரின் ஆறுதல் என்று மயங்கலாகாது எனவும் எச்சரிக்கிறது. உடல்நலத்துக்காகக் கையைக் காலை நீட்டுவது வழிபாடு ஆகாது. செபத்தின் இடத்தை அதற்குக் கொடாதிருப்போமாக.

அத்தாய் பல மாதங்களாகப் பூசைக்கு வராதிருந்ததன் காரணத்தையும் அன்று அவரது படுக்கையருகில்தான் அறிந்தேன். தரையில் அமரவும் முழந்தாட்படியிடவும் முடியவில்லை. பீடத்தின் முன் நாற்காலியில் உட்காருவது மரியாதைக் குறைவு என்று அவர் அஞ்சியிருக்கிறார். உடல்நலம் இடங்கொடாதவர்கள் முழந்தாட்படியிட வேண்டியதில்லை என்று திருப்பலி நூலின் பொதுப் படிப்பினையே விலக்களிக்கிறது. அவர்கள் தலையைத் தாழ்த்தி ஆராதித்தாலே போதும்.

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில், 18 ஆண்டுகளாகக் கூனி நிமிர இயலாதிருந்த பெண் ஒருத்தியைக் காண்கிறோம். அவள் வேண்டுமுன்னரே ஆண்டவர் அவளைத் தம்மிடம் அழைத்தார், கைகளை வைத்தார், அவள் நிமிர்ந்தாள். தொழுகைக்கூடத் தலைவனுக்கோ ஓய்வுநாள் சட்டமே பெரிதாகத் தெரிந்தது. மாட்டைக் கட்டவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிற நீங்கள், ஆபிரகாமின் மகளாகிய இவளைக் கட்டவிழ்க்கலாகாதோ என்று ஆண்டவர் வினவினார். கூடுமா, கூடாதா என்று மட்டும் பார்த்த அத்தலைவனின் வரிசையில் அன்று நானும் நின்றேன் என்றே எண்ணுகிறேன்.

நான்கு திங்கள் கழித்து, மருத்துவரின் இசைவோடும் இயன்முறை மருத்துவரின் துணையோடும் அத்தாய் மெல்லப் பயிற்சி தொடங்கினார். வலி முற்றும் நீங்கவில்லை. ஆயினும் இரவில் உறங்குகிறார், தடியூன்றி நடக்கிறார். நம் ஆலயத்தில் இப்போது முன்வரிசையிலேயே ஆறு நாற்காலிகள் போடப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று அவருடையது.

உங்கள் இல்லத்திலும் தூணைப் பற்றிக்கொண்டு எழும் தாயோ பாட்டியோ இருக்கலாம். எங்கே வலிக்கிறது, என்ன பயிற்சி செய்கிறீர்கள், ஏன் கோவிலுக்கு வருவதில்லை என்று இன்றே அவரிடம் அமர்ந்து கேளுங்கள். கூனியவளைத் தம்மிடம் அழைத்த ஆண்டவர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.